குடல் நோய் குடலோடு நிற்பதில்லை

(குடும்ப நலப் பிரசுர வரிசை – தம்பதிகளுக்கான பாடம்)



வயிற்றுப்போக்கு என்றால் நமக்குத் தெரிந்தது நாலு நாள் தொல்லை. கெட்டுப்போன சாப்பாடோ சுத்தமில்லாத தண்ணீரோ காரணமாக இருக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்து, டாக்டர் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டால் சரியாகிவிடும்.

ஆனால் சிலருக்கு வயிற்றுப்போக்கு மாதக் கணக்கில் விட்டு விட்டு வரும். மலத்தோடு இரத்தமும் சளியும் போகும். அடிவயிறு முறுக்கி வலிக்கும். நடு ராத்திரியில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். உடம்பு இளைத்துக்கொண்டே போகும். இப்படி இருந்தால் அது வேறு வியாதியாக இருக்கலாம். அந்த வியாதி குடலில் இருந்தாலும் மூட்டு, கண், தோல், கல்லீரல், எலும்பு, இரத்தம் என்று உடம்பின் பல பாகங்களில் தன் வேலையைக் காட்டும். இது தெரியாததால் பலர் முழங்கால் வலிக்கு ஒரு வைத்தியர், கண் சிவப்புக்கு ஒரு கடை மருந்து, வாய்ப்புண்ணுக்கு ஒரு கை மருந்து என்று அலைகிறார்கள். அத்தனைக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் இந்தப் பாடம்.

என்ன வியாதி இது?

டாக்டர்கள் இதை நாட்பட்ட குடல் அழற்சி நோய் என்று சொல்கிறார்கள். அழற்சி என்றால் ஓர் இடம் சிவந்து, வீங்கி, புண்ணாவது. இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

1. அல்சரேடிவ் கோலைடிஸ்: பெருங்குடலின் உள் சவ்வு புண்ணாகிறது. பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். இரத்தம் கலந்த மலம் இதன் முக்கிய அடையாளம்.

2. கிரோன் நோய்: வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம் வருகிறது. குடல் சுவரின் முழு கனத்தையும் தாக்கும். சிலருக்கு ஆசனவாய்க்குப் பக்கத்தில் சீழ்க்கட்டியும் பவுத்திரமும் உண்டாகும். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து டாக்டர் கிரோன் தம் கூட்டாளிகள் இருவரோடு சேர்ந்து 1932-ல் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

இது தொற்று வியாதி அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. யாருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல.

எந்த வயதிலும் வரலாம் என்றாலும், 15 வயதிலிருந்து 35 வயதுக்குள் தொடங்குவதே அதிகம். கல்யாணமும் பிள்ளைப்பேறும் நடக்கிற வயது அது. குடும்ப நல வரிசையில் இந்தப் பாடத்தைச் சேர்த்த காரணம் இப்போது உங்களுக்குப் புரியும்.

நம் ஊர்களில் மலத்தில் இரத்தம் போனால் "மூலம்" என்று முடிவு செய்து விடுகிறோம். சளி போனால் "சீதபேதி" என்கிறோம். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மருந்து சாப்பிட்டும் நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரியில் சோதித்தே ஆக வேண்டும். குடல் காசநோயும் பார்ப்பதற்குக் கிரோன் நோய் போலவே இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து மற்றதற்குக் கெடுதலாகவும் முடியும். ஆகவே குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகே டாக்டர்கள் முடிவு சொல்வார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம்.

குடல் நோய் உடம்பெல்லாம் பரவுவது எப்படி?

ஊருக்குக் காவல்காரர் இருப்பது போல நம் இரத்தத்தில் காவல் அணுக்கள் இருக்கின்றன. கிருமி நுழைந்தால் பிடித்து அழிப்பது அவற்றின் வேலை. இந்த நோயில் காவல் அணுக்கள் திருடன் யார், வீட்டுக்காரன் யார் என்று தெரியாமல் சொந்தக் குடலையே அடிக்கின்றன. இரத்தம் ஓடும் இடமெல்லாம் அவையும் ஓடுகின்றன அல்லவா? அதனால் மூட்டிலும் கண்ணிலும் தோலிலும் போய் அங்கேயும் சண்டை போடுகின்றன. இது முதல் வழி.

இரண்டாவது வழி, சத்துக் குறைவு. புண்பட்ட குடல் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவதில்லை. இரத்தமும் ஒழுகிப் போகிறது. அதனால் சோகையும் எலும்புத் தேய்வும் வருகின்றன.

மூன்றாவது வழி, நாட்பட்ட அழற்சி இரத்தத்தையே மாற்றுவது. இரத்தம் நாளங்களுக்குள் உறையும் தன்மை கூடுகிறது.

நான்காவது, நோய்க்காகச் சாப்பிடும் சில மருந்துகளின் பக்க விளைவு. இதை டாக்டர் கவனித்துக் கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இந்த நோய் உள்ளவர்களில் நாலு பேரில் ஒருவருக்காவது குடலுக்கு வெளியே ஏதாவது ஒரு தொந்தரவு வருகிறது. சிலருக்கு வயிற்றுத் தொந்தரவு தெரிவதற்கு முன்பே மூட்டோ கண்ணோ முதலில் பாதிக்கப்படுவதும் உண்டு.

அ. குடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் தொந்தரவுகள்

சில தொந்தரவுகள் குடல் புண் அதிகமாகும்போது கூடவே வரும். குடல் ஆறினால் அவையும் ஆறும். இவற்றுக்குக் குடல் வைத்தியமே முக்கிய வைத்தியம்.

பெரிய மூட்டுகள்: முழங்கால், கணுக்கால் போன்ற ஒன்றிரண்டு மூட்டுகள் வீங்கி வலிக்கும். இன்று ஒரு முழங்கால், நாளை மறு கணுக்கால் என்று இடம் மாறவும் செய்யும். குடலுக்கு வெளியே வரும் தொந்தரவுகளில் மூட்டு வலிதான் மிக அதிகம். ஆனால் பெரும்பாலும் இது மூட்டை நிரந்தரமாகக் கெடுப்பதில்லை.

தோல்: முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் சிவந்த, தொட்டால் வலிக்கும் முடிச்சுகள் வரும். பெண்களுக்கு அதிகம். கொப்புளம் என்று நினைத்துக் கீறவோ பிழியவோ கூடாது.

வாய்: உதட்டின் உள்ளேயும் நாக்கிலும் சிறு வெள்ளைப் புண்கள் வரும். "உடம்புச் சூடு" என்று விட்டுவிடுகிறோம். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கண்ணின் மேல் சிவப்பு: வெள்ளை விழி சிவந்து லேசாக உறுத்தும். பார்வை மங்காது.

ஆ. தனிப் பாதையில் போகும் தொந்தரவுகள்

வேறு சில, குடல் அமைதியாக இருந்தாலும் தம் வழியில் வரும். இவற்றைத் தனியே கவனிக்க வேண்டும்.

முதுகெலும்பு: காலையில் எழுந்திருக்கும்போது இடுப்பும் முதுகும் கட்டை போல விறைத்திருக்கும். அரை மணிக்கு மேல் ஆகியும் விடாது. நடந்து வேலை செய்யத் தொடங்கினால் குறையும். சும்மா உட்கார்ந்தால் கூடும். வயல் வேலையால் வரும் முதுகு வலி இதற்கு நேர்மாறு. அது வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கண்ணுக்குள் அழற்சி: கண் சிவந்து, உள்ளே வலி எடுத்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசி, பார்வை மங்கும். இதை "மெட்ராஸ் ஐ" என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். தாய்ப்பாலும் விட வேண்டாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். தாமதித்தால் பார்வை கெடலாம்.

கல்லீரலும் பித்தக் குழாயும்: சிலருக்கு, முக்கியமாக அல்சரேடிவ் கோலைடிஸ் உள்ளவர்களுக்கு, பித்தக் குழாய்கள் சுருங்கித் தழும்பாகும். உடம்பு அரிப்பு, அசதி, கடைசியில் மஞ்சள் காமாலை வரும். ஆரம்பத்தில் எந்த அடையாளமும் தெரியாது. இரத்தச் சோதனையில்தான் தெரியும். மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியோடு நிறுத்திக் கொள்ளாதீர்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் அபாயமும் கூடுதல். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை குழாய் சோதனை செய்யச் சொல்வார்கள்.

ஆழமான தோல் புண்: அபூர்வமாகக் காலில் ஒரு சிறு கொப்புளமாகத் தொடங்கி, சீக்கிரமே ஆழமான, ஓரம் ஊதா நிறமான புண்ணாகும். இதைக் கத்தி வைத்துக் கீறினால் இன்னும் பெரிதாகும். எந்த டாக்டரிடம் போனாலும் குடல் நோய் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இ. சத்தும் இரத்தமும்

இரத்தச் சோகை: இதுதான் மிகவும் சாதாரணமாக வருவது. இரத்தம் ஒழுகுவதாலும் இரும்புச் சத்து சேராததாலும் வருகிறது. மூச்சு வாங்கும், தலை சுற்றும், வேலை ஓடாது. வீட்டில் "சோம்பேறி" என்று பேர் வாங்குகிற பெண்ணுக்கு உண்மையில் சோகை இருக்கலாம். குடல் புண் தீவிரமாக இருக்கும்போது இரும்பு மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்போது ஊசி வழியாக ஏற்றுவார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டிருந்தால் பி-12 வைட்டமின் உடம்பில் சேராது. கை கால் மரத்துப் போகும். அதற்கும் ஊசி உண்டு.

இரத்தக் கட்டி: மற்றவர்களைவிட இந்த நோயாளிகளுக்குக் காலின் நாளங்களில் இரத்தம் உறைய இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு அதிகம். நோய் முற்றியிருக்கும்போதும், படுத்த படுக்கையாக இருக்கும்போதும், கர்ப்ப காலத்திலும், பிரசவம் ஆன பிறகும் அபாயம் கூடுகிறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவி விடக் கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

எலும்பு: கால்சியமும் டி வைட்டமினும் சேராததாலும், ஸ்டீராய்டு மருந்தை நாள் கணக்கில் சாப்பிடுவதாலும் எலும்பு மெலியும். கேழ்வரகு, மோர், முருங்கைக் கீரை, சிறு மீன் ஆகியவற்றில் உடம்புக்கு ஒத்துக்கொள்வதைச் சாப்பிடுங்கள். குடல் சுருங்கியிருப்பவர்கள் நார் அதிகமுள்ள கீரையை டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

சிறுநீர்க்கல், பித்தக்கல்: கிரோன் நோயால் சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டவர்களுக்கு இவை வரலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

குழந்தைகள்: சிறு வயதில் இந்த நோய் வந்தால் வளர்ச்சி நின்று போகும். உயரம் கூடாது, பெண் பிள்ளை வயதுக்கு வருவது தள்ளிப்போகும். வயிற்று வலியை வெளியே சொல்லத் தெரியாத குழந்தைக்கு அதுவே முதல் அடையாளமாக இருக்கலாம்.

மனம்: எந்நேரமும் கக்கூஸைத் தேடும் நிலை, பஸ்ஸில் ஏறப் பயம், விசேஷ வீட்டுக்குப் போகக் கூச்சம். இதனால் மனசு சோர்ந்து போகிறது. தூக்கம் கெடுகிறது. தாம்பத்திய உறவிலும் விருப்பம் குறையலாம். வெறுப்பால் வருவதல்ல அது, நோயால் வருவது. இதையும் டாக்டரிடம் சொல்லலாம். வெட்கம் வேண்டாம்.

மூட்டு வலிக்கு ஒரு எச்சரிக்கை

முழங்கால் வீங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கடையில் போய் "வலி மாத்திரை நாலு கொடுங்க" என்று வாங்கி விழுங்குகிறோம். டைக்ளோபினாக், புரூபன் போன்ற வலி மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளப்பி விடலாம். குடல் புண் கூடினால் மூட்டு வீக்கமும் கூடும். மூட்டு வீங்கினால் மறுபடியும் அதே மாத்திரை! வலிக்கு அவசரமென்றால் பாரசிட்டமால் போதும். பிறகு டாக்டரைப் பாருங்கள்.

"உடனே நிற்கும்" என்று சொல்லிப் போடப்படும் பெயர் தெரியாத ஊசியும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

மூட்டுக்கும் குடலுக்கும் உள்ள உறவை மருந்தின் சரித்திரமே காட்டுகிறது. சுவீடன் நாட்டுப் பெண் டாக்டர் நான்னா ஸ்வார்ட்ஸ் மூட்டு வாதத்துக்கென்று சல்பாசலசின் என்னும் மருந்தைக் கொண்டுவந்தார். 1940-களின் தொடக்கத்தில் அது குடல் புண்ணையும் ஆற்றுவது தெரிய வந்தது. இன்றும் இரண்டு வியாதிக்கும் அது கொடுக்கப்படுகிறது.

செவிலியரோடு ஓர் உரையாடல்

கல்யாணமாகி மூன்று வருஷமான ஒரு தம்பதி கிராம சுகாதார செவிலியரைப் பார்க்க வருகிறார்கள்.

மனைவி: அக்கா, மூணு வருஷமாச்சு, இன்னும் வயித்துல ஒண்ணும் தங்கலை. எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. அத்தை தெனமும் ஜாடையா பேசுறாங்க.

செவிலியர்: அவருக்கு டெஸ்ட் எடுத்தீங்களாம்மா?

கணவன்: எனக்கு எதுக்குங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்.

செவிலியர்: தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?

கணவன்: வயித்துப்போக்குக்கு ரெண்டு வருஷத்துக்கு மேலயே சாப்பிடுறேன். பெரிய ஆஸ்பத்திரியில குடல்புண்ணுன்னு எழுதிக் குடுத்தது. ஒண்ணுக்குக்கூட ஆரஞ்சு கலர்ல போகும்.

செவிலியர்: சீட்டைக் காட்டுங்க. சல்பாசலசின். நல்ல மருந்துதான். ஆனா ஆம்பளைங்களுக்கு விந்து அணுவோட எண்ணிக்கையைக் கொறைச்சிடும்.

கணவன்: ஐயையோ! அப்ப இன்னைக்கே நிறுத்திடறேங்க.

செவிலியர்: அந்தத் தப்பை மட்டும் செய்யாதீங்க. நீங்களா நிறுத்தினா குடல்புண் திரும்பக் கிளம்பிடும். டாக்டர்கிட்ட போய், "எங்களுக்குக் குழந்தை வேணும்"னு சொல்லுங்க. அவர் சோதிச்சுப் பார்த்து மெசலமைன் மாதிரி வேற மருந்துக்கு மாத்துவார். பழைய மருந்தை விட்ட ரெண்டு மூணு மாசத்துல அணு பழையபடி ஆயிடும்.

மனைவி: அப்ப எம்மேல குத்தம் இல்லையாக்கா?

செவிலியர்: உம்மேலயும் இல்லை, அவர்மேலயும் இல்லைம்மா. மருந்தோட குணம் அது. தம்பி, இதை உங்க அம்மாகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க. உங்க வாயால சொன்னாத்தான் கேப்பாங்க.

குழந்தைப்பேறு: தெரிய வேண்டிய விஷயங்கள்

நோய் அமைதியாக இருக்கும்போது, இந்த நோயுள்ள பெண்களும் பெரும்பாலும் மற்றப் பெண்களைப் போலவே கருத்தரிக்கிறார்கள். பெருங்குடலை எடுத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகலாம்.

எப்போது கருத்தரிப்பது என்பதுதான் மிக முக்கியம். நோய் அடங்கி குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் ஆன பிறகு கருத்தரித்தால் பெரும்பாலும் சுகப்பிரசவம் ஆகும். நோய் முற்றிய நிலையில் கருத்தரித்தால் மூன்றில் இரண்டு பேருக்கு அது கர்ப்ப காலம் முழுவதும் அடங்காமல் இருக்கும் அல்லது மோசமாகும். கரு கலைவதும், குறைப்பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் அதனால் வரலாம்.

கர்ப்பம் தெரிந்ததும் "குழந்தைக்குக் கெடுதல்" என்று பயந்து மாத்திரைகளைக் கொல்லையில் எறிந்து விடுகிறவர்கள் உண்டு. இது தவறு. மெசலமைன், அசதியோப்ரின் போன்ற பல மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் டாக்டர் மேற்பார்வையில் தொடரலாம். குழந்தைக்குக் கெடுதல் பெரும்பாலும் மருந்தால் அல்ல; அடங்காத நோயால்தான்.

ஆனால் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. அது கருவைக் கலைக்கும். குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும். அதைச் சாப்பிடும் பெண்கள் கட்டாயம் கருத்தடை முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மருந்தைச் சாப்பிடும் ஆண்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வந்துள்ள சில மாத்திரைகளும் கர்ப்பத்துக்கு ஆகாது. ஆகவே ஒவ்வொரு மருந்தின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

சல்பாசலசின் சாப்பிடும் பெண்களுக்குப் போலிக் அமில மாத்திரை வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போதே இதைச் சொல்லுங்கள்.

"எங்க பிள்ளைக்கும் வருமா?" என்று பலர் கேட்கிறார்கள். தாய் தகப்பனில் ஒருவருக்கு மட்டும் நோய் இருந்தால் நூறு குழந்தைகளில் 90-க்கு மேற்பட்டவர்களுக்கு வராது. இருவருக்கும் இருந்தால் வாய்ப்பு கூடும். இதற்காகக் குழந்தையே வேண்டாமென்று இருக்கத் தேவையில்லை.

பிறந்த குழந்தையின் தடுப்பூசி

இன்ப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகளைத் தாய் கர்ப்ப காலத்தில் போட்டிருந்தால், அந்த மருந்து குழந்தையின் இரத்தத்தில் சில மாதங்கள் தங்கும். அப்போது குழந்தையின் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கும். பி.சி.ஜி., ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து முதலியவை உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. அவற்றை ஆறு மாதமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது வழக்கம். ஆகவே பிரசவத்துக்குப் போகும்போதே செவிலியரிடமும் டாக்டரிடமும் இந்த ஊசி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மனைவி வலியில் இருப்பாள். இது கணவனின் பொறுப்பு. உயிரற்ற கிருமியால் செய்த மற்றத் தடுப்பூசிகளை உரிய நாளில் போட வேண்டும். தாய் இந்த மருந்துகளைப் போடாத குழந்தைகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

குடும்பக் கட்டுப்பாடு

நோய் அடங்கும் வரை காத்திருக்கவும், குழந்தைகளுக்கு இடைவெளி விடவும் முறைகள் உண்டு.

நிரோத்: யாரும் உபயோகிக்கலாம். குடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காப்பர்-டி: பொருத்திக் கொள்ளலாம். சோகை இருந்து, மாதவிலக்கும் அதிகமாகப் போகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

கருத்தடை மாத்திரை: மாலா-என் போன்ற கலப்பு ஹார்மோன் மாத்திரை இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். நோய் முற்றியிருக்கும்போது ஏற்றதல்ல. தவிர, கடுமையான வயிற்றுப்போக்கு இருந்தால் மாத்திரை உடம்பில் சேராமல் போய்விடும்.

மூன்று மாத ஊசி: எலும்பு மெலிந்தவர்களும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களும் டாக்டரின் யோசனைப்படியே போட வேண்டும்.

குடும்பம் நிறைந்த பிறகு: மனைவிக்கு வயிற்றில் முன்பே ஆபரேஷன் நடந்திருந்தால், கருத்தடை ஆபரேஷன் அவளுக்குக் கடினமாகலாம். கணவன் செய்துகொள்ளும் வாசெக்டமி எளிது. சில நிமிஷ வேலை. ஆண்மை குறையாது; உழைக்கும் சக்தியும் குறையாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

1. கண் வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால்.
2. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால்.
3. திடீரென்று மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வந்தால்.
4. ஒரே நாளில் ஆறு முறைக்கு மேல் இரத்தத்தோடு மலம் போய், காய்ச்சலும் படபடப்பும் இருந்தால்.
5. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் போகாமல் நின்றால்.
6. கண்ணும் சிறுநீரும் மஞ்சளானால்.
7. கர்ப்பிணிக்கு நோய் மறுபடி தலை தூக்கினால்.

அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிடுங்கள். பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கணவனும் மனைவியும் செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எத்தனை முறை வெளிக்குப் போனது, எந்த மூட்டு வலித்தது, கண் எப்போது சிவந்தது என்று தேதியோடு எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது எடுத்துப் போங்கள். "வயித்து டாக்டர்கிட்ட கண்ணைப் பத்தி எதுக்குச் சொல்லணும்?" என்று நினைக்காதீர்கள். அதைத்தான் அவர் கேட்க விரும்புகிறார்.

பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். கிரோன் நோயைப் புகை மோசமாக்கும்.

உடம்பு நன்றாக இருக்கிறதென்று மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்து சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் காசநோய்ச் சோதனை செய்யுங்கள். இந்த நோய்க்கான சில மருந்துகள் உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடும். அதனால் அவற்றைத் தொடங்கும் முன்பே சோதிப்பார்கள்.

வீட்டிலேயே கழிப்பறை இருப்பது இந்த நோயாளிக்குப் பாதி மருந்து. இருட்டில் வெளியே ஓடும் அவஸ்தையை மனைவிக்கோ கணவனுக்கோ வைக்காதீர்கள்.

நோயாளி ஒருவரென்றாலும் ஆஸ்பத்திரிக்கு இருவரும் போங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்லலாம்.

நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள்

1. முதுகு வலி வேலையால் வந்ததா, நோயால் வந்ததா என்று எப்படி அறிவது?
2. குடல் நோயுள்ளவர் மூட்டு வலிக்குக் கடை மாத்திரை வாங்கலாமா?
3. கணவன் சாப்பிடும் எந்த மருந்து குழந்தைப்பேற்றைத் தாமதப்படுத்தும்? அதை அவரே நிறுத்தலாமா?
4. கருத்தரிக்க நோய் எத்தனை மாதம் அடங்கியிருக்க வேண்டும்?
5. பிரசவத்தின்போது எந்த மருந்தைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும்? ஏன்?

ஐந்துக்கும் பதில் இந்தப் பிரசுரத்திலேயே இருக்கிறது. கணவன் கேட்க மனைவி சொல்லட்டும்; மனைவி கேட்கக் கணவன் சொல்லட்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். படித்து முடித்ததும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.